எல்லை மீறினால் ரத்து

டார்ம்ஸ்டாட்டில் நான் சேர்ந்திருந்த மாணவர்களின் கிளைடர் குழுவில், பசை சரியாகப் பிடிக்காத ஒட்டுக்கு ஒரு பெயர் உண்டு. மெழுகு. “இது யார் வைத்த மெழுகு?” என்று பட்டறையில் ஒரு குரல் கேட்டால், ஒட்டியவன் தலையைக் குனிந்துகொண்டு உளியோடு வந்து அதைப் பிரித்து, சுரண்டி, திரும்ப ஒட்ட வேண்டும். முதல் மாதம் முழுக்க மெழுகு வைத்தது நான்தான். ஏன் மெழுகு என்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் அந்தக் கிரேக்கக் கதையைச் சொன்னார்கள். தீவொன்றில் அடைபட்ட ஒரு தகப்பன் தனக்கும் மகனுக்கும் இறகுகளை மெழுகால் ஒட்டிச் சிறகு செய்கிறான். ரொம்ப மேலே போகாதே, வெயிலில் மெழுகு உருகிவிடும். ரொம்பக் கீழேயும் போகாதே, கடல் இறகை நனைத்துவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான். மகன் கேட்கவில்லை. மேலே போனான், மெழுகு உருகியது, கடலில் விழுந்தான்.

“அப்பா என்ன ஆனார்?” என்று கேட்டேன்.

அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லாம் எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகள். மெழுகு எத்தனை டிகிரியில் உருகும், மேலே போகப் போகக் குளிர்தானே கூடும் என்றெல்லாம் மணிக்கணக்கில் விவாதித்திருக்கிறார்கள். அப்பாவைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. “அவர் பத்திரமாகக் கரை சேர்ந்தார்” என்றார் எங்கள் பயிற்சியாளர், தாடியைச் சொறிந்துகொண்டே. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வயதில் எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும். ஆனால் அன்றைய கோபத்துக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. நான் அங்கே உட்கார்ந்திருப்பது என் அப்பாவுக்குத் தெரியாது.

அப்பா பத்திர எழுத்தர். தஞ்சை ஜில்லாவில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். அங்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு சாய்வு மேஜை. அதுதான் அவர் ராஜ்யம். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எதுவானாலும் எழுதி முடித்ததும் இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டுவார். கேட்காமல் கட்டைவிரலை நீட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “என்ன எழுதியிருக்குன்னு தெரியாம கைநாட்டு வைக்கறதுக்கு உனக்கு எதுக்கய்யா காது?” என்று பெரிய மிராசுதாரையே கேட்டவர். என் கோபம் எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

பி.எஸ்ஸி. முடித்த கையோடு உதவித்தொகை கிடைத்து நான் ஜெர்மனிக்குக் கிளம்பியது அறுபதுகளின் நடுவில். சென்னை சென்ட்ரலில் பம்பாய் ரயிலில் ஏற்றிவிட வந்த அப்பா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார். “கப்பல்ல போற. கப்பல்லயே திரும்பி வா. ஆகாயத்துல போற எதுலயும் ஏறாதே.” அவருடைய சிநேகிதர் ஒருவரின் மகன் விமானம் ஓட்டப் பழகும்போது இறந்துபோனான். அந்த வீட்டுக்கு வேண்டிய வாரிசுக் காகிதங்களை எல்லாம் எழுதிக் கொடுத்தவர் அப்பாதான். சரிப்பா என்றேன். வண்டி நகர்கிற நேரத்தில் யார்தான் சரி என்று சொல்ல மாட்டார்கள்?

கிளைடர் குழுவில் சேர்ந்தது பறக்கிற ஆசையால் என்று சொன்னால் அது பொய். டார்ம்ஸ்டாட்டில் என் அறை ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். பட்டறையில் பெரிய கரி அடுப்பு எரிந்தது. அவ்வளவுதான் விஷயம். அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள்: பனிக்காலம் முழுக்கப் பட்டறையில் வேலை செய்கிறவனுக்குத்தான் கோடையில் பறக்க இடம். ஆளுக்கு ஓர் அட்டை. வேலை செய்த மணிகளை அதில் குறிப்பார்கள். பழைய மர விமானங்களுக்குப் பழைய பசைதான் சரி என்று பாலிலிருந்து எடுத்த ஒரு பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒட்டுவார்கள். புளித்த மோர் நாற்றம் அடிக்கும். எனக்கு அந்த நாற்றம் வீட்டைப் போல இருந்தது. முதல் நாளே எல்லோரும் என்னை நீ என்றார்கள். நானும் எல்லோரையும், ஆராய்ச்சி மாணவரான பயிற்சியாளரையும்கூட, நீ என்றே கூப்பிட வேண்டும் என்றார்கள். வாய் நீ என்று சொல்லும். மனசு நீங்கள் என்று திருத்திக்கொள்ளும்.

தை மாதம் போல ஒரு படிவத்தைக் கொடுத்தார் பயிற்சியாளர். நான் பறக்கப் பழக வேண்டுமானால் என் தகப்பனார் கையெழுத்து வேண்டுமாம். எங்கள் ஊர்ச் சட்டப்படி பதினெட்டிலேயே நான் மேஜர். இவர்களுக்கோ அப்போது இருபத்தொன்று நிறைந்தால்தான். பத்தொன்பது வயதில், மீசையும் அரும்பிக் கடல் தாண்டி வந்த பிறகு, மறுபடியும் என்னை மைனராக்கிவிட்டார்கள். பிற்பாடு எழுபதுகளில் அந்த வயதைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். இன்று வருகிற பையன்கள் தங்கள் படிவத்தில் தாங்களே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

படிவம் முழுக்க ஜெர்மன். அப்பாவுக்குத் தமிழும் இங்கிலீஷும் மட்டும் தெரியும். நான் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. “இங்கே பல்கலைக்கழக மாணவர்களின் மரப் பட்டறையில் வேலை பழகுகிறேன். அதற்கு ஒரு சம்மதப் படிவம் கேட்கிறார்கள். பென்சிலால் குறி போட்டிருக்கும் இடத்தில் கையொப்பமிட்டு அனுப்பவும்” என்று எழுதினேன். பட்டறை என்பது உண்மை. மற்றதை விழுங்கிவிட்டேன். வாழ்நாள் முழுக்க ஊராரிடம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்ன மனுஷனை, பெற்ற பிள்ளையே படிக்க முடியாத காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்துப் படிவம் வந்தது, எனக்கு அல்ல. பத்திரம் உரியவர் கைக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும் என்பது அப்பாவின் வழக்கம். படிவத்தின் தலையில் அச்சாகியிருந்த குழுவின் முகவரிக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டார். பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார்.

“கையெழுத்து சரி. அதற்குக் கீழே இது என்ன?”

கையெழுத்துக்குக் கீழே ஆறு வரி தமிழ். அப்பாவின் முத்து முத்தான பத்திர எழுத்து. நான் மனசுக்குள் படித்தேன்:

“மேற்படி படிவத்தை, எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் பணிபுரியும் ஜெர்மன் தேசத்து நர்ஸம்மா படித்துத் தமிழில் சொல்லக் கேட்டு, விஷயம் இன்னதென்று அறிந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், என் குமாரன் எஞ்சின் இல்லாத விமானத்தில் பறக்கப் பழகச் சம்மதிக்கிறேன். பழக்குகிறவர் வைத்த எல்லைக்குள் பறக்க வேண்டியது. எல்லை மீறினால் அந்த நிமிஷம் முதல் இந்தச் சம்மதம் ரத்து.”

காது மடல் சுட்டது. அந்த நர்ஸம்மாவை நான் மறந்தே போயிருந்தேன். எனக்கு அம்மை குத்தியவரே அவர்தான். என் சாயம் வெளுத்துவிட்டது. இருந்தும் அப்பா சம்மதித்திருக்கிறார். அதற்கு என் மனம் இளகியிருக்க வேண்டும். எனக்கோ அந்தக் கடைசி இரண்டு வரிதான் கண்ணை உறுத்தியது. ஜெர்மானியர்களிடம் நிபந்தனை என்று ஒன்றைச் சொன்னால் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

“விஷயத்தைப் படிக்கக் கேட்டு, புரிந்துகொண்டு, சம்மதிக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்” என்றேன்.

“அவ்வளவு நீளமாகவா?”

“மீதி ஆசீர்வாதம். எங்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவோம்.”

அவர் முகம் கனிந்துவிட்டது. அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கோப்பில் வைத்தார். தூரதேசத்து வழக்கம் என்று சொன்னால் நல்ல மனுஷர்கள் எதையும் நம்பிவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு நான் இதைப் பற்றி எழுதவில்லை. அவரும் எழுதவில்லை. வாராவாரம் வரும் நீலக் காகிதத்தில் மழை, பசு, தங்கையின் பரீட்சை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா என்பதெல்லாம் இருக்கும். நானும் உருளைக்கிழங்கு, பனி, பேராசிரியர் என்று பதில் எழுதுவேன். இருவருமாகச் சேர்ந்து நன்றாகத்தான் நாடகம் ஆடினோம்.

அந்தக் கோடை முழுக்கப் பயிற்சியாளர் பின்னிருக்கையில் உட்கார, நான் பழகினேன். மைதானத்தின் மறுகோடியில் ஓர் எந்திரம் இரும்பு வடத்தைச் சுருட்டி இழுக்கும். கிளைடர் பட்டம் போல ஜிவ்வென்று முந்நூறு மீட்டர் ஏறும். வடத்தைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று வந்து இறங்க வேண்டும். செப்டம்பரில் ஒரு நாள் அவர் பின்னிருக்கையிலிருந்து இறங்கிக்கொண்டு, ஒற்றை ஆள் விமானத்தைக் காட்டினார். “தனியாக மூன்று சுற்று. அந்தக் காட்டுக்கு இந்தப் பக்கமே இரு. காற்று மேலே தூக்கினாலும் அதோடு போகாதே. இறங்கு.”

முதல் இரண்டு சுற்றும் பிசகில்லை. மூன்றாவதில், இறங்கத் திரும்புகிற இடத்தில், வலது சிறகை யாரோ அடியிலிருந்து உந்தியது போல இருந்தது. எதிரே இரண்டு பருந்துகள் சிறகை அசைக்காமல் வட்டமிட்டு ஏறிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு வட்டம் என்றுதான் நினைத்தேன். உயரம் காட்டும் முள் மேலே துள்ளியது. நானூறு. அறுநூறு. ரைன் ஆறு ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. இரைச்சல் இல்லை, காற்றின் சத்தம் மட்டும். வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் கிரேக்கப் பையனை அதற்குப் பிறகு நான் ஒருநாளும் முட்டாள் என்று சொன்னதில்லை. அந்தச் சந்தோஷம் அப்படி. அதில் அப்பா, அம்மா, பயிற்சியாளர் யாருமே ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆயிரத்து நூறில் மேகத்தின் அடி வந்துவிட்டது. சில்லென்று ஈரம். அப்போதுதான் கீழே பார்த்தேன். மைதானத்தைக் காணோம். நான் வட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் காற்று என்னைக் கிழக்கே, ஓடன்வால்ட் மலைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. திரும்பினால் எதிர்காற்று. முன்னே போகப் போக உயரம்தான் குறைந்ததே தவிர, அந்தக் காடு கிட்டே வரவில்லை. எஞ்சின் இருந்தால் முறுக்கலாம். முறுக்க ஒன்றுமில்லை. அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. ஒரு காகிதத்தைப் பிரித்து, இரண்டு தடவை படித்து, மேஜைமேல் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருப்பது போல ஒரு காட்சி. என் காகிதங்களை யார் எழுதுவார்கள்? அவரேதான் எழுதுவார். வேறு யார் கையில் கொடுப்பார்?

அறுவடை முடிந்த ஒரு வயலில் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. குதித்துக் குதித்துப் போய், இடது சிறகின் நுனி ஒரு வேலிக்கம்பத்தில் மோதி, விமானம் அரைவட்டமாகச் சுழன்று நின்றது. எனக்கு உதட்டில் மட்டும் ஒரு வெட்டு. முறிந்த சிறகைத் தடவிப் பார்த்தேன். அந்தப் பனிக்காலத்தில் நானே ஒட்டிய பகுதி. மரம் முறிந்திருந்தது, ஒட்டு விடவில்லை. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன் பாருங்கள்.

வயலுக்குச் சொந்தக்கார அம்மாள் வைக்கோல் அள்ளும் நீளக் கவைக்கோலோடு ஓடி வந்தார். அவர் பேசிய வட்டாரப் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. என் நிறத்தையும் உதட்டு ரத்தத்தையும் பார்த்தவர், கோலை எறிந்துவிட்டு, தன் மேலங்கி நுனியால் என் வாயைத் துடைத்தார். ஊர் விடுதியில் இருந்த ஒரே டெலிபோனுக்குக் கூட்டிப்போய், நான் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு ரொட்டியில் பிளம் ஜாம் தடவிக் கொடுத்து, நான் அழுவதைப் பார்க்காதவர் போல ஜன்னலைத் துடைத்தார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் அது ஒரு குறை.

சாயங்காலம் இழுவண்டியோடு பயிற்சியாளர் வந்தார். விமானத்தைப் பார்க்கவில்லை. என் தோள், முழங்கை, விரல் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். காரில் டார்ம்ஸ்டாட் வரும் வழியில்தான் வாயைத் திறந்தார்.

“தப்பு என்னுடையது. நீ இன்னும் தயாராகவில்லை, நான் அனுப்பிவிட்டேன். உன் அப்பா என்னை நம்பித்தானே கையெழுத்துப் போட்டார். நானே அவருக்கு எழுதுகிறேன். பயிற்சி கொடுப்பதையும் விட்டுவிடுகிறேன்.”

கொஞ்ச தூரம் போனோம்.

“அந்தப் படிவத்தில் கடைசி இரண்டு வரி ஆசீர்வாதம் இல்லை” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன், முதலில் அப்பாவுக்கு எழுதிய பொய்யையும் சேர்த்து. அவர் காரை ஓரமாக நிறுத்தினார். அந்த இரண்டு வரிகளையும் சொல்லுக்குச் சொல் ஜெர்மனில் சொல்ல வைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்படியானால் இன்று மதியம் மூன்று மணி பத்து நிமிடத்திலிருந்து உனக்கு அனுமதி இல்லை.”

“இல்லை.”

“சரி. பட்டறைக்கு அனுமதி வேண்டியதில்லை. திங்கட்கிழமை வந்து அந்தச் சிறகை ஒட்டு.” பயிற்சி கொடுப்பதை விடுகிறேன் என்று மறுபடி அவர் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்று இரவே அப்பாவுக்கு எழுதினேன். மூன்று நீலக் காகிதம். ஒன்றையும் விழுங்கவில்லை. பருந்தையும் எழுதினேன், சிரித்ததையும் எழுதினேன். பதில் வர மூன்று வாரமாயிற்று. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். கப்பல் ஏறித் திரும்பி வா என்று ஒரு வரி எழுதினால் போதும், நான் போயாக வேண்டும். கடைசியில் வந்தது ஒரே ஒரு பக்கம்.

“சிரஞ்சீவி குமாரனுக்கு அநேக ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. உடம்பில் வேறு அடி இல்லை என்று எழுதியிருப்பதை நம்புகிறேன். நர்ஸம்மா அந்த நிபந்தனையை ஜெர்மனிலேயே எழுதித் தருவதாகத்தான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஜெர்மனில் எழுதினால் அவர்கள் உன்னைக் கட்டிப்போடுவார்கள். அந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன். உனக்காக எழுதியதை நீ படித்தால் போதும் என்று விட்டேன். நீ அவர்களிடம் மறைப்பாய் என்று எனக்குத் தெரியும். என் மகன் என்பதால், ரொம்ப நாள் மறைக்க மாட்டாய் என்பதும் தெரியும். சம்மதம் ரத்துதான், அதில் மாற்றமில்லை. ஏழு மாதத்தில் உனக்கு இருபத்தொன்று நிறைகிறது. அதற்குப் பிறகு அவர்கள் சட்டப்படி என்னைக் கேட்க வேண்டியதில்லை. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.”

அந்தக் கடிதத்தைப் பட்டறை அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இப்படி ஒரு மனுஷனுக்குப் பிள்ளையாகப் பிறக்க நான் என்ன செய்தேன் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆறு வரி எழுதிவிட்டு, ஆறேழு மாதம் மழையையும் பசுவையும் பற்றி எழுதிக்கொண்டு காத்திருக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும். தினமும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தந்திக்காரன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்ன பாடுபட்டிருப்பார்.

ஏழு மாதமும் ஒட்டினேன். ஒரு மெழுகு கிடையாது. மே மாதத்தில் மூன்று சுற்றும் காட்டுக்கு இந்தப் பக்கமாகவே பறந்து இறங்கினேன். தனியாகப் பறந்து முடித்தவனைக் குனிய வைத்து, குழுவினர் ஒவ்வொருவரும் பின்பக்கத்தில் ஓர் அறை வைப்பது அங்கே வழக்கம். தூக்குகிற காற்றை உட்காருகிற இடத்தாலேயே உணர வேண்டுமாம். பத்தொன்பது பேர் அறைந்தார்கள். இரண்டு நாள் விரிவுரையை நின்றுகொண்டே கேட்டேன். இதை எழுதியபோது அப்பாவுக்கு அசாத்தியக் கோபம். மேஜரான பிள்ளையை இவர்கள் எப்படி அடிக்கலாம் என்று கேட்டிருந்தார்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். ஏப்ரலில் எனக்கு இருபத்தொன்று நிறைந்த அன்று, பயிற்சியாளரிடம் போய் அதே படிவம் ஒன்று கேட்டேன். “உனக்குத்தான் இனி வேண்டாமே” என்றார். வேண்டும் என்றேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் நானே தமிழில் அர்த்தம் எழுதி, கூடவே வைத்து, அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் வரும்வரை பட்டறையிலும் வடம் இழுக்கும் எந்திரத்திலும் வேலை செய்தேன். நல்ல வெயில், எல்லோரும் பறந்தார்கள். “இன்னுமா வரவில்லை?” என்று தினமும் கேட்பார்கள்.

நான்காவது வாரம் வந்தது, குழுவின் முகவரிக்கே, ரிஜிஸ்தர் தபாலில். பயிற்சியாளர் பிரித்தார். அப்பாவின் கையெழுத்து மட்டும் இருந்தது. அவர் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், உறைக்குள் பார்த்தார்.

“கீழே இந்தத் தடவை ஒன்றுமே எழுதவில்லையா?”

“இல்லை” என்றேன். காகிதத்தை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, நானே கோப்பில் வைத்தேன்.